பூஞ்சையைப் பாக்கெட்டில் போட்டு விற்கலாமா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழக முதுகலை ஆய்வில், செம்பனையை (எண்ணெய்ப் பனை) அழுகவைக்கும் கனோடெர்மா என்ற நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சை ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறாள். பக்கத்துத் தோட்ட மேனேஜர் வாங்கிப் பார்க்கிறேன் என்கிறார். வீட்டிலேயே தயாரித்து விற்கலாமா?
- வாசகர், தெலுக் இந்தான், மலேசியா

பதில்: பூஞ்சை யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் பாருங்கள். பல்கலைக்கழகக் கூடத்தில், அதன் பணத்தில் நடந்த ஆய்வென்றால் உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே. மகள் சேரும்போது கையெழுத்திட்ட தாளைத் தேடி எடுங்கள். பிறகு மேற்பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு போய் உரிமம் கேளுங்கள். முன்பணத்தைக் குறைத்து, விற்பனையில் ராயல்டி தருவதாகப் பேசுவது நல்லது. மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சைக்குக் காப்புரிமை வாங்குவது கடினம். தயாரிப்பு முறைக்கு முயலலாம்.

மேனேஜர் வாய்வார்த்தை போதாது, அவர் நாளை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போவார். சோதனைக்கு எந்த பிளாக், எத்தனை மரம், யார் கணக்கெடுப்பது, முடிவுகள் யாருக்கு என்று எழுதித் தலைமை அலுவலகத்தில் கையெழுத்து வாங்குங்கள். மருந்து போடாத மரங்களும் அதே பிளாக்கில் கலந்து இருக்க வேண்டும். தோட்டத்தார் முணுமுணுப்பார்கள், ஆனால் ஒப்பிட ஆளில்லாத சோதனையை யாரும் நம்பமாட்டார்கள். வளர்ந்த மரத்தில் குருத்து விரியாமல் நிற்பது தெரியும்போது அடித்தண்டில் பாதி அழுகியிருக்கும். ஆகவே நாற்றுமேடையில் கன்றுகளோடு தொடங்குங்கள், பதில் சில மாதங்களில் கிடைக்கும். அங்கே ஹெக்சகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி அடித்தால் உங்கள் பூஞ்சையும் செத்துவிடும், இதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தயாரிப்பில் சறுக்குவது பெரும்பாலும் பூஞ்சையை வளர்க்கும் அரிசிப் பையில்தான். ஊறவைத்து நன்றாக வடித்த அரிசியை வெப்பம் தாங்கும் பையில் கால் கிலோ அளவில் போட்டு, 121 டிகிரி அழுத்த நீராவியில் வையுங்கள். ஒரு கிலோ பையின் நடுவே சூடு ஏறாது. அரிசி கொழகொழத்துப் புளிப்பு வாடை வந்தால் ஈரம் அதிகம், பாக்டீரியா புகுந்துவிட்டது. ஆரஞ்சு நிற வேற்றுப் பூஞ்சை கண்டால் பையைத் திறக்காமல் மறுபடி அவித்து எறியுங்கள். அறையில் பரவினால் விரட்டுவது பெரும்பாடு. ஆறிய அரிசியில் பூஞ்சையை இட்ட மூன்றாம் நாள் கட்டியை உதிர்த்துவிடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் பச்சை வித்துகள் (பூஞ்சை பரவும் நுண்துகள்கள்) வரும். 40 டிகிரிக்குக் கீழே, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். கிராமுக்குப் 10 கோடி உயிருள்ள வித்து இலக்கு. மாதந்தோறும் எண்ணிப் பாருங்கள், கடை அலமாரிச் சூட்டில் அது சரியும்.

லேபிள் வாசகத்தில் எச்சரிக்கையாக இருங்கள்: 'நோயைத் தடுக்கும்' என்று அச்சடித்தால் 1974 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு இல்லாமல் விற்க முடியாது. பதிவுக்கும் இந்தச் சோதனைக் கணக்கு உதவும்.

கேள்வி: உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அரசு தரும் பயோநெக்சஸ் தகுதி வாங்கினால் பணம் தருவார்களா?
- அதே வாசகர்

பதில்: அது முக்கியமாக வரிச்சலுகை, ரொக்கம் அல்ல. முதலில் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனம் பதிய வேண்டும். லாபமே வராத ஆரம்ப ஆண்டுகளில் வரிச்சலுகை அரிசி வாங்கித் தராது. தொடக்கக்கால மானியத்துக்குக் கிரேடில் ஃபண்ட், பல்கலைக்கழக ஆய்வைச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிதிக்கு எம்.டி.டி.சி. (மலேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகம்) என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தோட்டத்தின் கையெழுத்திட்ட கடிதத்தை முன்னால் வையுங்கள்.