தெருவும் வீடும்: வாசகர் கேள்வி – பதில்

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் பகுதி சபைகளோடு (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) சேர்ந்து வேலை செய்கிற தன்னார்வலர்கள், வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், வீடு விடுகிறவர்கள், சுற்றுப்புற ஊராட்சிக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

எங்கள் பகுதி சபையில் ஏழெட்டுப் பேர் தன்னார்வலர்களாக இருக்கிறோம். டூ-லெட் போர்டு தொங்கும் வீட்டுக்கு யாரைக் கூட்டிப் போனாலும் முதல் கேள்வி ‘நீங்க என்ன ஆளுக?’ என்பதுதான். இது குற்றமா? நாங்கள் என்ன செய்யலாம்? – விளாங்குடி வாசகர்

மதம், மொழி, சாப்பாட்டுப் பழக்கம், கல்யாணம் ஆகாதவர் என்ற காரணங்களுக்காக ஒரு தனியார் தன் வீட்டைத் தர மறுப்பதைக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 15-வது பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. தனியாரையும் கட்டுப்படுத்தும் அதன் உட்பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று அடுக்குகிறது; வாடகை வீடு அதில் இல்லை. 2005-ல் பார்சிகளின் வீட்டுவசதிச் சங்க வழக்கில், தங்கள் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் துணைவிதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. அதனால் எடுத்த எடுப்பிலேயே ‘கேஸ் போட்டுருவோம்’ என்று போய் நிற்காதீர்கள். வீட்டுக்காரர் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு வந்தால், அப்புறம் அந்தத் தெருவில் உங்கள் பேச்சு எடுபடாது.

ஆனால் மூன்று இடங்களில் சட்டம் இருக்கிறது. தன்னார்வலர்களில் பலருக்கே இது தெரிவதில்லை.

முதலாவது, 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தீண்டாமையைக் காரணமாக வைத்துத் தடை போடுவது அதன் 4-வது பிரிவில் குற்றம். தண்டனை 1 மாதத்திலிருந்து 6 மாதம் வரை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், எதிர்த்தரப்பு வேறு காரணத்தை நிரூபிக்காதவரை, செயல் தீண்டாமையால் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 12-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பிறர் காதுபட சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினாலோ, தெருவே சேர்ந்து ஒதுக்கிவைத்தாலோ 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். இரண்டாவது, 2017-ம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம். மூன்றாவது, 2019-ம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். இந்த இரண்டிலும் 3-வது பிரிவே குடியிருக்கும், வாங்கும், வாடகைக்கு எடுக்கும் உரிமையில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

இதில் எதுவாக இருந்தாலும் வழக்கு நிற்பதும் விழுவதும் குறிப்பேட்டில்தான். போன தேதி, நேரம், கதவிலக்கம், சொன்ன வாடகை, கேட்ட அட்வான்ஸ், மறுத்தவர் சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். வார்த்தையைச் சொன்னபடியே எழுத வேண்டும். ‘சாதி பார்த்து மறுத்தார்’ என்பது உங்கள் முடிவு. ‘நம்ம ஆளுகளுக்குத்தான் விடுறோம்’ என்று அவர் சொன்னால் அதுதான் சாட்சி.

‘வீடு போயிருச்சு’ என்று நழுவுகிறவர்களுக்கு ஜோடி விசாரிப்பு உதவும். ஒரே சம்பளம், ஒரே அளவு குடும்பம் உள்ள இரண்டு பேர் இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் அதே வீட்டைக் கேட்கட்டும். முதலில் போகிறவர் மறுப்பை எதிர்பார்க்கிறவராக இருக்கட்டும். வரிசை மாறினால் நடுவில் வீடு உண்மையிலேயே போயிருக்கலாம் என்ற வாதத்துக்கு இடம் வந்துவிடும். ஒரு வீட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வீட்டில் போக்கு தெரியும். யார் வீடு என்ற பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அப்படிப் போட்ட மறுநாள் தெரு இரண்டாகப் பிரிந்து, நீங்கள் ஒரு பக்கத்து ஆளாகிவிடுவீர்கள்.

புகார் சொல்ல: வன்கொடுமை உதவி எண் 14566, இலவச சட்ட உதவி 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி கிடைக்கும். வன்கொடுமைச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும்; ஸ்டேஷனில் எஸ்.ஐ. எழுதி வாங்கிய ‘சமாதானக் கடிதம்’ விசாரணை ஆகாது.

மாடி வீட்டை ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு விட எனக்குச் சம்மதம். ஆனால் அக்கம்பக்கத்தில் ‘ஏன் வம்பு’ என்கிறார்கள். பேப்பரெல்லாம் எப்படிப் போட வேண்டும்? – திருநகர் வாசகி

அக்கம்பக்கத்தார் சம்மதம் சட்டத்தில் எங்கும் கேட்கப்படவில்லை அம்மா. பேச்சு ஓயாவிட்டால், குடிவரும் முதல் வாரத்தில் நீங்களே அவர்களை இரண்டு பக்க வீட்டுக்கும் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். வீட்டுக்காரரே கூட்டி வந்தால் தெரு பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேப்பருக்கு வருவோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதம் என்று போட்டுவிட்டால் பதிய வேண்டாம் என்பது பழைய பதிவுச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்வது, இங்கே செல்லாது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த 1 மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். வீட்டைப் பார்க்க உள்ளே போக வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் ஒத்தி சகஜம், ஆபத்தும் அதிகம். வாடகைக்கு மறுக்கப்படுகிறவர்கள்தான் ‘எப்படியாவது வீடு கிடைத்தால் போதும்’ என்று லட்சக்கணக்கில் ஒத்திப் பணத்தை 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரை நம்பிக் கொடுக்கிறார்கள். வீட்டை அனுபவித்துக்கொள்ளக் கொடுக்கும் அடமானம் 100 ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்யப்பட வேண்டும். கொடுக்கிறவர் முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கட்டும். வங்கியில் ஏற்கெனவே அடமானம் இருந்தால், கடன் தவணை கட்டாமல் நின்றவுடன் வங்கிதான் முந்தும், ஒத்திக்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். வாங்குகிறவர் நீங்கள் என்றாலும் பதிந்துவிடுவதே உங்களுக்கும் நல்லது.

எங்கள் காம்பவுண்டில் 8 குடித்தனம். புதிதாக வந்த பீகார் குடும்பத்தைக் குழாயடியில் கடைசியாக நிறுத்துகிறார்கள். அவர்கள் முறை வரும்போது தண்ணீர் நின்றுவிடுகிறது. தினமும் சண்டை. – செல்லூர் தன்னார்வலர்

இது மொழிச் சண்டை மாதிரி தெரியும், அடியில் இருப்பது கணக்குச் சண்டை. அளந்து காட்டினால் பாதி அடங்கும்.

ஒரு 15 லிட்டர் குடத்தை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 45 வினாடி என்று வைத்துக்கொள்வோம். குடம் மாற்ற 10 வினாடி. ஆக ஒரு குடத்துக்கு 55 வினாடி. தண்ணீர் ஒன்றரை மணி நேரம் வந்தால் 98 குடம் தேறும். காம்பவுண்டில் 32 பேர் என்றால் தலைக்கு 3 குடம். 4 பேர் வீட்டுக்கு 12 குடம், 11 நிமிடம். 6 பேர் வீட்டுக்கு 18 குடம், பதினாறரை நிமிடம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பெரிய குடும்பத்துக்குப் பத்தாமல் போய், அவர்கள் திருட்டுத்தனமாகப் பிடிக்க, சண்டை மறுபடி ஆரம்பிக்கும். ஆள் கணக்குதான் நியாயம்.

வரிசையைத் தினமும் ஒரு வீடு நகர்த்துங்கள்: இன்று முதலில் பிடித்தவர் நாளை கடைசி. அப்போது தண்ணீர் சீக்கிரம் நிற்கும் நாளின் நஷ்டமும் சுற்றிச்சுற்றி எல்லோருக்கும் வரும். அட்டவணையில் பெயர் வேண்டாம், போர்ஷன் எண்ணும் நேரமும் போதும். எண் எல்லோருக்கும் புரியும், இந்தியில் எழுதுவதா என்ற புதுச் சண்டையும் வராது. வாரத்துக்கு ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். அந்தப் பீகார் வீட்டுக்கும் ஒரு வாரம் வர வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தயவு காட்டுவது போல ஆகிவிடும்.

யாராவது மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்களா என்று பாருங்கள். அது தடை செய்யப்பட்டது. பக்கத்து வீட்டுக்கு வரத்து குறைவது மட்டுமில்லை. உறிஞ்சும் வேகத்தில் குழாய் விரிசல் வழியே சாக்கடையும் உள்ளே இழுக்கப்படும். வீட்டுக்காரரே ஒரு குடித்தனத்துக்கு மட்டும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவில் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வாடகை பாக்கி இருந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது.

நான் திருநங்கை. வீடு தருகிறார்கள், ஆனால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வாடகை. இதைக் கேட்க முடியுமா? – வில்லாபுரம்

கேட்கலாம். மறுப்பது மட்டுமில்லை, ‘நியாயமற்று நடத்துவது’ம் 2019 சட்டத்தின் 3-வது பிரிவுக்குள் வருகிறது. அதே காம்பவுண்டில் அதே அளவு போர்ஷனுக்கு மற்றவர் கொடுக்கும் வாடகை ரசீது ஒன்று கிடைத்தால் உங்கள் கை ஓங்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். 3-வது பிரிவை மீறுவதற்கென்று தனித் தண்டனை அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை என்பது அதன் குறை. அதனால் வேலை பெரும்பாலும் பேச்சுவார்த்தையில்தான் முடியும். பகுதி சபைத் தன்னார்வலர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாடகை வீட்டு வாசலில் சரிவுப் பாதை போட வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். எப்படிப் போட வேண்டும்? – ஒத்தக்கடை வாசகர்

உயரத்துக்கு 12 மடங்கு நீளம். 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர், வாசல் மட்டம் 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர். நம் தெருக்களில் வீட்டு வாசலில் இருப்பது பைக் ஏற்றும் சரிவு. உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு நீளம்தான் இருக்கும். அதில் நாற்காலியைத் தள்ளினால் பின்னால் சாயும், இறக்கும்போது தள்ளுகிறவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அகலம் 1.2 மீட்டர் வையுங்கள். மேலே கதவுக்கு முன் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது நாற்காலி உருளும். வழவழ டைல்ஸ் வேண்டாம். சிமெண்டைத் துடைப்பத்தால் குறுக்கே கோடிழுத்து விடச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் சின்ன விளிம்பு, ஒரு கைப்பிடி.

தெருவிலோ சாக்கடை மேலோ நீட்டினால் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிடுவார்கள். இடம் பத்தாவிட்டால் சுவரை ஒட்டி நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்புங்கள். ஒரே படி என்றால் கழற்றி மாட்டும் இரும்புத் தகடே போதும். செலவு யாருடையது, காலி செய்யும்போது எடுக்க வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊராட்சியில் காலனிக்காரர்கள் கிராம சபைக்கு வருவதே இல்லை. வரவைக்க என்ன வழி? – உசிலம்பட்டி வட்டார வாசகர்

வராததற்குக் காரணம் பெரும்பாலும் இடம். சபை எப்போதும் ஊருக்குள் ஒரே மந்தையில், ஒரே கோயில் திடலில் கூடினால் அங்கே உட்காரத் தயங்குகிறவர்கள் வரமாட்டார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 கூட்டம் இருக்கிறது. அவற்றைக் குடியிருப்பு மாற்றிக் குடியிருப்பு நடத்தச் சொல்லிக் கேளுங்கள். காலனியில் நடக்கும்போது ஊர்க்காரர்கள் வருகிறார்களா என்பதையும் பாருங்கள்.

தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்க வேண்டும். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக் குறைவெண்ணை (சபை செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள் எண்ணிக்கை) காட்டுவதுதான் பல இடத்தில் நடக்கிறது. 501 முதல் 3,000 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும்.

உங்கள் மாவட்டத்திலேயே முன்மாதிரியும் எச்சரிக்கையும் இருக்கின்றன. எல்லாச் சாதியினரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்க அரசு கட்டிய குடியிருப்புதான் சமத்துவபுரம். மாநிலத்தின் முதல் சமத்துவபுரம் 1998-ல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீட்டில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. உத்தப்புரத்தில் சாதி பார்த்துத் தெருக்களைப் பிரித்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6-ல் நிர்வாகம் இடித்தது. அதற்குப் பிறகும் அங்கே ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. பாப்பாபட்டியில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 10 ஆண்டு நடக்காமல் இருந்த ஊராட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது.

தெருவில் எல்லோரும் சேரும் மாதிரி ஒரு பொங்கல் விழா நடத்த ஆசை. எதில் கவனம் வேண்டும்? – அனுப்பானடி

வசூலில். ‘தலைக்கட்டு வரி’ என்று போட்டால் வாடகைக்காரர்களும் வெளிச் சாதிக்காரர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். தலைக்கட்டு என்பது ஊர்ச் சொந்தக்காரர் கணக்கு. உண்டியல் ஒன்று வையுங்கள், யார் எவ்வளவு என்ற பட்டியலை ஒட்டாதீர்கள். அழைப்பை நோட்டீஸில் விடாமல் வாசல் வாசலாகச் சொல்லுங்கள், மாடிப் போர்ஷன் உட்பட. ஸ்பீக்கர் இரவு 10 மணிக்கு அணைய வேண்டும்.