கேள்வி – பதில்: உயர் மின்னழுத்தப் பாதைகளின் காப்பு ரிலேக்கள்

டிஸ்டன்ஸ் ரிலே, மின்பாதையில் எங்கோ நிகழும் பழுதைத் துணை மின்நிலையத்தில் இருந்தபடியே எவ்வாறு அறிகிறது? செட்டிங்கில் எழுதப்படும் ஓம் மதிப்பு எங்கிருந்து வருகிறது?
– டிப்ளமோ மாணவி, திருநெல்வேலி

டிஸ்டன்ஸ் ரிலே என்பது, பழுதைக் கண்டதும் பாதையைத் துண்டிக்க ஆணையிடும் காப்புக் கருவி. அதற்குக் கிடைக்கும் செய்திகள் இரண்டே: பி.டி. (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி) வழியாக வரும் மின்னழுத்தமும், சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் மாற்றி) வழியாக வரும் மின்னோட்டமும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மின்மறுப்பு கிடைக்கும். கம்பியின் மின்மறுப்பு அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பழுது நேர்ந்த கணத்தில் ரிலே காணும் ஓம் மதிப்பே தொலைவின் அளவாகிறது.

60 கிலோமீட்டர் நீளமுள்ள 230 கிலோவோல்ட் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.4 ஓம் என்று வைத்தால் முழுப் பாதைக்கும் 24 ஓம் வரும். ஆனால் ரிலே பார்ப்பது சி.டி., பி.டி. இரண்டாலும் குறைக்கப்பட்ட அளவுகளைத்தான். சி.டி. விகிதம் 800/1, பி.டி. 230 கிலோவோல்ட்டுக்கு 110 வோல்ட் என்றால், 24ஐ 800ஆல் பெருக்கி 2,091ஆல் வகுக்க, 9.18 ஓம் கிடைக்கிறது. ரிலே காக்கும் தொலைவு ஸோன் எனப்படும் படிகளாகப் பிரிக்கப்படுகிறது. முதற்படியான ஸோன்-1க்கு இதில் 80 விழுக்காடு, அதாவது 7.35 ஓம் வைத்துத் தாமதமின்றி டிரிப் செய்ய (பாதையைத் துண்டிக்க) விடுகிறோம். சி.டி., பி.டி. மற்றும் பாதை அளவுருக்களில் உள்ள பிழைகள் சேர்ந்து, எதிர்முனை பஸ்பாருக்கு (நிலையத்தில் பாதைகள் வந்து சேரும் பொதுக் கடத்திக்கு) அப்பால் உள்ள பழுதையும் ரிலே தன் பாதையின் பழுதாகக் கொண்டுவிடக் கூடாது என்பதற்காகவே மீதி 20 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. அந்த மீதியையும் எதிர்முனை பஸ்பாரையும் ஸோன்-2 ஏற்றுக்கொள்கிறது. அதற்கு 120 விழுக்காடோ அதற்கு மேலோ எட்டும் தூரமும், ஏறத்தாழ 0.3 முதல் 0.5 நொடி வரையிலான தாமதமும் கொடுப்பது வழக்கம்.

இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பழகுவது மிக முக்கியம். 400/1 சி.டி.யை 800/1 ஆக மாற்றிவிட்டுப் பழைய ஓம் மதிப்பை அப்படியே விட்டுவைத்தால், ஸோன்-1 காப்பது பாதையின் 40 விழுக்காட்டை மட்டுமே. பழுது வரும் நாள் வரை அது யார் கண்ணிலும் படாது.

எங்கள் 230 கிலோவோல்ட் பாதையின் கருவித் தொகுதியில் (bay) பழைய மின்-இயந்திர ரிலேயை அகற்றிவிட்டு நியூமெரிக்கல் (மென்பொருளால் கணக்கிடும்) டிஸ்டன்ஸ் ரிலே பொருத்தினோம். செகண்டரி இன்ஜெக்‌ஷன் சோதனையில் (ரிலேக்குக் கருவியால் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஊட்டிப் பார்ப்பதில்) எல்லா ஸோன்களும் சரியாக இயங்கின. சில வாரங்களில், அதே நிலையத்திலிருந்து புறப்படும் பக்கத்துப் பாதையில் பழுது ஏற்பட்டபோது எங்கள் பாதை ஸோன்-1இல் டிரிப் ஆனது. ரிலேயை மாற்றித் தரும்படி கேட்கலாமா?
– துணை மின்நிலையப் பொறியாளர், ஈரோடு

கேட்க வேண்டாம். ரிலே பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பக்கத்துப் பாதையின் பழுது உங்கள் ரிலேக்கு முதுகுப் பக்கம் உள்ளது. அதை முன்பக்கப் பழுதாக, அதுவும் மிக அருகில், ரிலே கண்டிருக்கிறது என்றால், சி.டி.யின் போலாரிட்டி (மின்னோட்டத் திசையைக் குறிக்கும் முனை இணைப்பு) தலைகீழாக இருக்கிறது என்பதே முதலில் எழ வேண்டிய ஐயம். இது உண்மையானால் டிரிப் ஆனதைவிடக் கவலைக்குரிய விளைவு இன்னொன்று உண்டு: உங்கள் சொந்தப் பாதையில் பழுது வந்தால் இந்த ரிலே அசையாது, தொலைவில் உள்ள நிலையங்களின் ஸோன்-2, ஸோன்-3 (இன்னும் தொலைவுக்கு எட்டும் துணைக்காப்பு) ரிலேக்கள் தாமதமாக இயங்கும் வரை பழுது நீடிக்கும்.

இன்ஜெக்‌ஷன் சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். சோதனைக் கருவியை நீங்கள் பானலில் உள்ள டெஸ்ட் பிளாக்கில் இணைத்தீர்கள். அங்கிருந்து ரிலே வரையிலான பகுதிதான் சோதிக்கப்பட்டது. யார்டில் உள்ள சி.டி.யிலிருந்து மார்ஷலிங் கியாஸ்க் (கேபிள்கள் ஒன்றுசேரும் பெட்டி) வழியாக டெஸ்ட் பிளாக் வரை வரும் கேபிள் சோதிக்கப்படவே இல்லை. பழைய ரிலேயை மாற்றும் பணிகளில் இன்னொரு சிக்கலும் மறைந்திருக்கும். பழைய நாட்களில் சி.டி.யின் ஸ்டார் முனை (மூன்று ஃபேஸ் சி.டி.க்களும் ஒன்றாகக் கட்டப்படும் முனை) பஸ்பார் பக்கம் கட்டப்பட்டிருந்தால், அதற்கேற்பப் பானலுக்குள் ஒயர்களை மாற்றிச் சரிசெய்திருப்பார்கள். புதிய ரிலேயில் 'ஸ்டார் முனை பஸ் பக்கம்' என்று செட்டிங்கில் தேர்ந்தெடுக்கும்போது, மென்பொருளும் ஒரு முறை திருப்பிவிடுகிறது. இரு திருப்பங்களும் சேர்ந்து திசை கெட்டுவிடுகிறது. வரைபடம் ஒன்று சொல்ல, பானல் வேறொன்று சொல்லும் நிலையங்கள் நம்மிடம் நிறைய உண்டு. ஆகவே வரைபடத்தை நம்பாமல் ஒயர் எண்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பாருங்கள்.

அதற்கும் முன்னதாக, அந்த டிரிப்பின்போது ரிலே சேமித்த அலைப்பதிவான டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டைத் திறந்து பாருங்கள். முன்பக்கப் பழுதில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 80 பாகை வரை பின்தங்கி நிற்கும். பின்பக்கப் பழுதில் அது 180 பாகை திரும்பித் தெரிய வேண்டும். பழுது பக்கத்துப் பாதையில்தான் என்பது உறுதியாகியிருக்கையில், உங்கள் பதிவில் மின்னோட்டம் 75 பாகை அளவில் பின்தங்கித் தெரிந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை.

அடுத்தது, பாதையில் லோடு ஓடும்போது செய்யும் திசைச் சோதனை. சி.டி.யின் மதிப்பில் பத்து, இருபது விழுக்காடாவது மின்னோட்டம் இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பஸ்பாரிலிருந்து பாதைக்குள் மின்சாரம் செல்கிறது என்றால் ரிலேயின் திரையில் மெகாவாட் நேர்க்குறியோடு இருக்க வேண்டும். தொலைபேசியில் எதிர்முனையைக் கேட்டால், அங்குள்ள ரிலே ஏறத்தாழ அதே அளவை எதிர்க்குறியோடு காட்ட வேண்டும். மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களும் 120 பாகை இடைவெளியில், சரியான வரிசையில், தத்தம் ஃபேஸ் மின்னழுத்தத்தோடு பொருந்தி இருக்கின்றனவா என்றும், நியூட்ரலில் மின்னோட்டம் ஏறக்குறையச் சுழியாக உள்ளதா என்றும் பாருங்கள். ஒரு ஃபேஸ் மட்டும் திரும்பியிருந்தால் நியூட்ரலில் ஃபேஸ் மின்னோட்டத்தைப் போல இரு மடங்கு தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் ஒருசேரத் திரும்பியிருந்தால் நியூட்ரல் அமைதியாகவே இருக்கும். அப்போது மெகாவாட்டின் குறி ஒன்றே சாட்சி. இந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கோப்பில் வைக்காத வரை கமிஷனிங் (பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பணி) முடியவில்லை என்றே நான் சொல்வேன்.

இறுதி உறுதிக்கு, பாதையை நிறுத்தி எர்த் செய்த பின், சி.டி.யின் பிரைமரி (பாதைப் பக்க) முனைகளில் பி1இல் சிறிய பேட்டரியின் நேர்முனையையும் பி2வில் எதிர்முனையையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். செகண்டரி (ரிலே பக்க) முனையான எஸ்1இல் நேர்முனை இணைத்த, நடுவில் சுழியுள்ள மீட்டரின் முள், தொட்ட கணத்தில் முன்னோக்கித் துள்ள வேண்டும். இந்த வேலைகளுக்கிடையே பாதை லோடில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் சி.டி. செகண்டரியைத் திறந்து விடாதீர்கள். ஷார்ட்டிங் லிங்க்கைப் போட்டு, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் லிங்க் வழியே திரும்புவதைக் கண்ட பிறகே டெர்மினலைத் தளர்த்துங்கள். திறந்த செகண்டரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும், உயிரைப் பறிக்கும்.

பி.டி. ஃபியூஸ் போனால் டிஸ்டன்ஸ் ரிலே டிரிப் கொடுக்குமா?
– ஒயர்மேன், கரூர்

கொடுக்கும். மின்னழுத்தம் மறைந்து லோடு மின்னோட்டம் மட்டும் நின்றால், வகுத்துக் கிடைப்பது சுழி ஓம்; ரிலேக்கு அது காலடியில் நிகழ்ந்த பழுதாகத் தெரியும். இதைத் தடுக்கவே ஃபியூஸ் ஃபெயில் பிளாக் என்னும் வசதி உள்ளது. பி.டி. செகண்டரியில் ஃபியூஸுக்குப் பதில் எம்.சி.பி. (சிறு தானியங்கி பிரேக்கர்) வைத்திருந்தால், அதன் துணைக் கான்டாக்ட் ரிலேயின் பைனரி இன்புட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று, பாதை நிறுத்தத்தில் இருக்கும்போது எம்.சி.பி.யைக் கையால் இறக்கிச் சரிபாருங்கள்.

பழுதின் தொலைவைக் காட்டும் ஃபால்ட் லொகேட்டர் 42 கிலோமீட்டர் என்றது; ரோந்து சென்றவர்கள் உடைந்த இன்சுலேட்டரை 46ஆம் கிலோமீட்டரில் கண்டார்கள். அன்று அதே டவரில் உள்ள இரண்டாம் சர்க்யூட் பராமரிப்பில் இருந்தது. இவ்வளவு வேறுபாடு ஏன்?
– மின்பாதைப் பராமரிப்பு உதவிப் பொறியாளர், தருமபுரி

உங்கள் கடைசி வாக்கியத்துக்கு முந்திய வாக்கியமே விடையைத் தொட்டுவிட்டது. இரண்டாம் சர்க்யூட் இரு முனைகளிலும் எர்த் செய்யப்பட்டிருந்திருக்கும். எர்த் பழுதின்போது பழுதான சர்க்யூட் அதில் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது; அதனால் ஜீரோ சீக்வென்ஸ் மின்மறுப்பு (எர்த் வழியே திரும்பும் மின்னோட்டத்துக்கான மின்மறுப்பு) குறைந்து தோன்றி, பழுது அருகில் இருப்பதாக ரிலே கணக்கிடுகிறது. இரண்டு சர்க்யூட்டுகளும் ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதற்கு மாறாக, பழுது தொலைவில் உள்ளதாகக் காட்டும். எர்த் பழுதுக்கான கே-ஜீரோ காரணியைக் கையேட்டு மதிப்பாக விடாமல் பாதையை அளந்து பெற்ற மதிப்பாக இடுங்கள். இரு முனைப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மரம் உரசியது போன்ற மின்தடையுள்ள பழுதுகளிலும் பிழை வெகுவாகக் குறையும்.

பழுதே இல்லாமல் ரிலே டிரிப் செய்ததால்தான் 2012இல் வட இந்தியா இருண்டது என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

தொடக்கம் அதுதான், ஆனால் அந்த ரிலே பழுதாகியிருக்கவில்லை, தனக்கு இட்ட செட்டிங்கின்படியே இயங்கியது. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணியளவில், 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் முதல் சர்க்யூட் ஸோன்-3இல் டிரிப் ஆனது. அதன் இரண்டாம் சர்க்யூட், 765 கிலோவோல்ட்டாக உயர்த்தும் பணிக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. பல பாதைகள் இல்லாத நிலையில், எஞ்சிய இந்த ஒன்றின் மீது வடக்கு நோக்கிய பெருஞ்சுமை ஏறியிருந்தது. வடக்கு மின்தொகுப்பு சரிந்து ஏறத்தாழ 36,000 மெகாவாட் சுமை இருளில் மூழ்கியது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்து, ஏறத்தாழ 48,000 மெகாவாட் போயிற்று. தென் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு உயர் மின்னழுத்த நேர்மின் இணைப்புகள் வழியாக மட்டுமே பிணைக்கப்பட்டிருந்ததால் தமிழகம் தப்பியது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாம் அவர்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31இல்.

சுமை எப்படிப் பழுதாகத் தெரியும்? 400 கிலோவோல்ட்டில் 1,000 எம்.வி.ஏ. சுமை ஓடினால் ரிலே காண்பது 160 ஓம். அதே சுமை நீடிக்க, மின்னழுத்தம் 360 கிலோவோல்ட்டாக இறங்கினால் அது 130 ஓம் ஆகிவிடும், ஏனெனில் ஓம் மதிப்பு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. அடுத்த நிலையத்தின் நீண்ட பாதைகளுக்கும் துணைக்காப்பாக ஸோன்-3 வெகுதூரம் நீட்டி வைக்கப்பட்டிருந்தால், சுமையும் தாழ்ந்த மின்னழுத்தமும் சேர்ந்து அதன் எல்லைக்குள் நுழைந்துவிடும். 2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்காவின் ஒகையோவில் சாமிஸ்–ஸ்டார் என்னும் 345 கிலோவோல்ட் பாதை இவ்வாறே ஸோன்-3இல் டிரிப் ஆகி, நியூயார்க் வரையிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் விளக்குகள் அணையும் தொடர்நிகழ்வைத் தூண்டிவிட்டது. அதன் பின்னர் அங்கே, மின்னழுத்தம் 85 விழுக்காட்டுக்கு இறங்கிய நிலையில் பாதையின் அனுமதித்த மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடினாலும் ரிலே அசையக் கூடாது என்ற அளவுகோல் விதியாக்கப்பட்டது.

இன்றைய நியூமெரிக்கல் ரிலேக்களில் சுமை வரும் கோணப் பகுதியை மட்டும் வெட்டி ஒதுக்கும் லோடு என்க்ரோச்மென்ட் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைப்பதோடு, பக்கத்துப் பாதை நீண்ட பராமரிப்புக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், எஞ்சும் பாதையில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையையும் தாழ்ந்த மின்னழுத்தத்தையும் சுமைப் பகிர்வு மையத்திடம் கேட்டுப் பெற்று, அந்தப் புள்ளி ஸோன்-3 எல்லைக்கு வெளியே நிற்கிறதா என்று பாதை நிறுத்தப்படுவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.