வாசகர் கேள்வி – பதில்: கதைக்கும்போது என்ன நடக்கிறது?

கேள்வி: நான் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் நடக்கும் சாதாரண உரையாடல்களைப் பதிவுசெய்து, உளவியல் நோக்கில் ஆராய விரும்புகிறேன். "வினாக்கொத்தும் புள்ளிவிபரமும் இல்லாமல் பெரியம்மாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பது உளவியலா?" என்று தோழிகள் சிரிக்கிறார்கள். நான் எடுத்த வழி சரியா?
— மாணவி, செங்கலடி

பதில்: சரியான வழிதான். ஆயினும் உங்கள் தோழிகளின் ஐயத்தைத் தள்ளிவிட வேண்டாம். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது ஆய்வாகாது. கேட்டதை எழுத்தில் இறக்கி, ஒவ்வொரு கூற்றும் தனக்கு முந்திய கூற்றை எப்படி எடுத்துக்கொண்டது, அடுத்தவருக்கு என்ன இடம் விட்டது என்று பார்க்கத் தொடங்கும்போதே அது ஆய்வாகிறது.

இந்தப் பார்வைக்கு வழி திறந்தவர் ஹார்வி சாக்ஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். 1963, 1964 ஆம் ஆண்டுகளில் லொஸ் ஏஞ்சல்ஸ் தற்கொலைத் தடுப்பு நிலையத்தோடு இணைந்திருந்தபோது, உதவி நாடி வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். அழைப்பை எடுப்பவர் தம் பெயரைச் சொன்னால், அழைத்தவரும் பெரும்பாலும் தம் பெயரைச் சொல்லிவிடுவார். ஒருவர் மட்டும் "நீங்கள் சொன்னது கேட்கவில்லை" என்றார். எடுத்தவர் தம் பெயரைத் திருப்பிச் சொல்ல, அழைத்தவர் அதையே ஒருமுறை சொல்லிப் பார்க்க, அவர் தம் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் சத்தமில்லாமல் கடந்துபோயிற்று. அந்த மனிதருக்கு மெய்யாகவே காது கேட்கவில்லையா, அல்லது பெயரை மறைக்க எண்ணினாரா என்பதில் சாக்ஸ் தங்கிவிடவில்லை. மறுத்தார் என்ற பேச்சுக்கே இடமின்றி அந்தச் சொற்கள் அங்கே எதைச் செய்து முடித்தன என்பதே அவருடைய கேள்வி. 1964 முதல் 1972 வரை அவர் ஆற்றிய விரிவுரைகள், 1975 இல் தமது 40 ஆவது வயதில் வீதி விபத்தொன்றில் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1992 இல்தான் முழுமையாக நூலுருப் பெற்றன.

அதே 1992 இல் டெரெக் எட்வர்ட்ஸ், ஜொனதன் பொட்டர் என்னும் இங்கிலாந்து உளவியலாளர் இருவர் இப்பார்வையை நினைவாற்றல் ஆய்வுக்குள்ளேயே கொண்டுவந்தனர். அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் பதவியைப் பறித்த வோட்டர்கேட் ஊழல் விசாரணையில் அவருடைய சட்ட ஆலோசகர் ஜோன் டீன் சொன்ன சாட்சியத்தை ஜனாதிபதி அலுவலக ஒலிநாடாக்களோடு ஒப்பிட்ட உல்ரிக் நைசர் என்னும் உளவியலாளர், டீனின் நினைவு சொல்லளவில் தவறியும் பெரும்போக்கில் உண்மையாக இருந்தது என்று 1981 இல் எழுதியிருந்தார். எட்வர்ட்ஸும் பொட்டரும் வேறு பக்கத்தால் வந்தனர். குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுக்கும் ஒருவர் "எனக்கு நல்ல ஞாபகம்" என்பதும், "அது ஞாபகமில்லை" என்பதும் பழியையும் நம்பகத்தன்மையையும் கையாளும் செயல்கள். அவற்றை மூளைப் பெட்டகத்தின் இருப்புக் கணக்காக மட்டும் வாசிக்கக் கூடாது என்றனர்.

உங்கள் பெரியம்மாவிடம் இதை எளிதாகக் காணலாம். கலியாணத்துக்குச் சரியாக அழைக்காத உறவினர் வீட்டுக்கு வந்திருக்கும்போது, "எங்களுக்குச் சொன்ன மாதிரி ஞாபகமில்ல" என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவருடைய நினைவாற்றலை அளக்க அந்தக் கூற்று உதவாது. அது ஒரு மனத்தாங்கல், ஆனால் மறதியின் சாயலில் வருவதால், "தம்பியிட்டச் சொல்லி விட்டனே!" என்று மற்றவர் தப்பிக்கொள்ள ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. வந்தவர் அந்தக் கதவால் போகிறாரா, தலையைக் குனிகிறாரா என்பதை அடுத்த வரி காட்டும். மனத்தாங்கல் என்று பெயரிடும் உரிமை உங்களுக்கு அந்த அடுத்த வரியிலிருந்தே வருகிறது.

எழுத்தில் இறக்கும்போது திருத்தாதீர்கள். 'மறுகா' என்பதைப் 'பின்னர்' ஆக்கினால், 'என்னகா' என்பதிலுள்ள 'கா'வை நீக்கினால், யார் யாரிடம் எவ்வளவு நெருக்கம் கொண்டாடினார் என்ற சான்று போய்விடும். இடைவெளி, இழுத்த ஒலி, ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் ஏறிப் பேசுதல், சிரிப்பு ஆகியவற்றைக் குறிக்க, சாக்ஸின் சக ஆய்வாளர் கேல் ஜெபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறை இன்றும் பயன்படுகிறது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து நிமிடப் பதிவே தொடக்கத்துக்குப் போதும், ஏனெனில் அதை ஒழுங்காக எழுதவே நாட்கள் பிடிக்கும். வீட்டாரானாலும் முன்கூட்டியே சம்மதம் பெறுங்கள். போர்க்காலத்தைக் கடந்து வந்த நம் ஊர்களில், பேச்சைப் பதிவது என்றாலே ஒருவர் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை ஆய்வின் பெயரால் மிதிக்கக் கூடாது.

கேள்வி: இப்படிக் கவனித்தால் ஒருவர் பொய் சொல்வதைக் கண்டுபிடிக்கலாமா?
— வாசகர், ஏறாவூர்

பதில்: முடியாது. "சத்தியமா" என்ற சொல் எந்த இடத்தில் வருகிறது, அதைக் கேட்டவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: நன்னூலின் எண்வகை விடைகளை மாணவருக்குப் படிப்பிக்கிறேன். அதற்கும் இந்த ஆய்வுகளுக்கும் உறவு உண்டா? அல்லது எல்லாமே நம்மிடம் முன்பே இருந்தது என்ற வழக்கமான பெருமைதானா?
— தமிழ் ஆசிரியர், காரைதீவு

பதில்: உறவு உண்டு, பெருமையை அளவோடு வைத்துக்கொள்வோம். சுட்டு (சுட்டிக் காட்டுதல்), மறை (மறுத்தல்), நேர் (உடன்படுதல்) என்னும் மூன்றுக்கும் அப்பால் ஏவல் (கேட்டவரையே செய்யச் சொல்லுதல்), வினாதல் (வினாவாலேயே விடை தருதல்), உற்றதுரைத்தல் (நேர்ந்ததைச் சொல்லுதல்), உறுவது கூறல் (நேரப்போவதைச் சொல்லுதல்), இனமொழி (தொடர்புடைய வேறொன்றைச் சொல்லுதல்) என்னும் ஐந்தையும் நன்னூலை இயற்றிய பவணந்தியார் விடையென ஏற்கிறார். "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டால், "தலையிடியாக் கிடக்கு" என்பதும், "தம்பிய அனுப்புறன்" என்பதும் விடைகளே, 'இல்லை' என்ற சொல் எங்கும் வரவில்லை, ஆனாலும் கேட்டவருக்கு விளங்கிவிட்டது. சொல்லின் வடிவத்தை விட்டு, வினாவுக்குப் பின் அது நிற்கும் இடத்தைக் கொண்டு பொருள் காண்பது இன்றைய உரையாடல் ஆய்வின் உயிர்நாடி.

வேறுபாடு மௌனத்தில் இருக்கிறது. நன்னூல் விடைகளை வகைப்படுத்துகிறது, இன்றைய ஆய்வோ விடைக்கு முந்திய தயக்கத்தையும் கணக்கில் எடுக்கிறது. ஒருவருடைய மதிப்பீட்டோடு உடன்படும் பதில் பெரும்பாலும் உடனே நேராக வரும் என்றும், முரண்படும் பதில் தயங்கி, சுற்றி வளைத்து வரும் என்றும் உரையாடல் ஆய்வாளர் அனிடா பொமரன்ட்ஸ் 1984 இல் காட்டினார். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்–இல்லை வினாக்களுக்கு விடை வரச் சராசரியாக ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு அளவே பிடித்தது. உறுதிப்படுத்தும் விடைகள் மற்றவற்றைவிட விரைந்து வந்தன. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. "ம்... பாப்பம்" என்பதற்கு முன் எவ்வளவு நேரம் கழிகிறது என்று அளப்பது உங்கள் உயர்தர மாணவருக்கு நல்ல பயிற்சியாகும்.

கேள்வி: கிளினிக்கில் வைத்தியரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகத் தலையாட்டும் நோயாளர்கள், வெளியே வந்து என்னிடம்தான் முக்கியமான வருத்தத்தைச் சொல்கிறார்கள். ஏன்?
— தாதி உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

பதில்: காரணங்கள் பல, வைத்தியரின் அவசரமும், நீங்கள் பழகிய முகம் என்பதும் அவற்றுள் அடங்கும். ஆனால் கேள்வி கேட்கப்படும் விதத்துக்கும் பங்கு உண்டு. உரையாடல் ஆய்வாளர் ஜோன் ஹெரிட்டேஜும் அவருடைய குழுவினரும் 2007 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், 20 குடும்ப வைத்தியர்களிடம் நோயாளர்கள் தாம் வந்த காரணங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தனர். வைத்தியருள் ஒரு சாரார் "வேறு ஏதாவது உண்டா?" என இல்லையென்ற விடையை நோக்கிச் சாயும் ஆங்கிலச் சொல்லாலும் (anything), மற்றவர்கள் உண்டு என்ற விடையை நோக்கிச் சாயும் சொல்லாலும் (something) கேட்டனர். இரண்டாவது விதத்தில் கேட்டபோது, சொல்லப்படாமல் போகும் குறைகள் 78 வீதம் குறைந்தன. முதலாவது விதத்தால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

ஆங்கிலச் சொல்லின் சாய்வு அப்படியே தமிழுக்கு வராது. எனினும் "வேற ஒண்டும் இல்லையே?" என்று எழுதிக்கொண்டே கேட்பது, 'இல்லை' என்ற விடையைக் கேட்பவரே முன்கூட்டித் தந்துவிடுவதாகும். "வேற என்ன சொல்ல இருக்கு?" என்பது, சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே பிறக்கும் கேள்வி. வைத்தியரிடம் அனுப்புமுன் கிளினிக் கொப்பியைக் கையில் கொடுக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்து, நீங்களே அதைக் கேட்டுப் பாருங்கள். சொன்னதை ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துவிட்டால், உள்ளே போனதும் அது வைத்தியரின் கண்ணில் படும்.