ஓப்பன் ஆபிஸ், லிப்ரே ஆபிஸ் இரண்டும் ஒன்றுதானா? எதைப் போட்டுக்கொள்வது?

ஒன்றில்லை. இரண்டும் கடிதம், கணக்கு போன்றவற்றைத் தயாரிக்க உதவும் இலவச ஆபிஸ் மென்பொருள்கள். ஒரே வீட்டில் பிறந்தவை, 2010-இல் பிரிந்துவிட்டன. இன்றைக்குப் புதிதாகப் போடுவதென்றால் லிப்ரே ஆபிஸ்தான்.

உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுப்பவர். பல வருடங்களுக்கு முன் காதில் விழுந்த பெயரை ஞாபகம் வைத்துத் தேடி, ஓப்பன் ஆபிஸை இறக்கியிருந்தார். தோழி ஒருவர் அனுப்பிய டாக்எக்ஸ் கோப்பு, அதாவது மைக்ரோசாஃப்ட் வேர்டின் இன்றைய வடிவம், நன்றாகவே திறந்தது. இரவு வெகுநேரம் உட்கார்ந்து நாற்பது கேள்விகளைத் தட்டச்சு செய்தார். சேமிக்கப் போனால், பட்டியலில் ஓப்பன் ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி இருக்கிறது, வேர்டின் பழைய வடிவமான டாக் இருக்கிறது, டாக்எக்ஸ் மட்டும் இல்லை. "தம்பி, நான் எதையாச்சும் அழுத்திக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டார். அவர் எதையும் கெடுக்கவில்லை. ஓப்பன் ஆபிஸ் டாக்எக்ஸைத் திறக்கும், ஆனால் அந்த வடிவத்தில் சேமிக்காது. ஓடிடியாகச் சேமித்து, லிப்ரே ஆபிஸில் திறந்து, டாக்எக்ஸாக மாற்றிக் கொடுத்தேன்.

சரி, இந்தக் குழப்பம் எப்படி வந்தது? ஸ்டார் ஆபிஸ் என்ற மென்பொருளை 1999-இல் வாங்கிய சன் என்ற கணினி நிறுவனம், மறுவருடமே அதன் மூலநிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபிஸ். 2010 தொடக்கத்தில் ஆரக்கிள் என்ற இன்னொரு நிறுவனம் சன்னை வாங்கியது. பெயருரிமையும் கூடவே போனது. நிரலாளர்கள் பலர் அந்த செப்டம்பரிலேயே டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி வெளியேறினார்கள். பழைய பெயரைத் தங்களுக்கே தரும்படி கேட்டும் பார்த்தார்கள். பதில் வரும்வரை என்று வைத்துக்கொண்ட லிப்ரே ஆபிஸ் என்ற பெயரே கடைசியில் நிலைத்தது. 2011-இல் ஆரக்கிள் பழைய பெயரை, திறமூல மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது.

திறமூல உரிமம் நிரலைத்தான் எல்லோருக்கும் தருகிறது, பெயரைத் தருவதில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது கடையின் பெயர்ப்பலகை ஒருவருக்கும், சமையல்காரர்கள் இன்னொருவருக்கும் போனது மாதிரி. ஆனால் சாப்பிட வருகிறவர் பலகையைப் பார்த்துத்தானே நுழைவார்?

ஓப்பன் ஆபிஸ் 4.1 வந்தது 2014-இல். அதன்பின் வந்தவை அதே 4.1-இன் சிறு திருத்தப் பதிப்புகள்தான். லிப்ரே ஆபிஸுக்கோ வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள். 2020 அக்டோபரில், ஓப்பன் ஆபிஸின் இருபதாம் ஆண்டையொட்டி, லிப்ரே ஆபிஸ் இருப்பதையாவது பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் அப்பாச்சிக்குப் பகிரங்கக் கடிதமே எழுதியது. அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். அப்பாச்சியில் உழைக்கும் தன்னார்வலர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் முகப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அக்கா தன்னையே நொந்துகொண்டிருக்க மாட்டார்.

உங்களிடம் பழைய ஓடிடி கோப்புகள் இருந்தால் கவலை வேண்டாம், லிப்ரே ஆபிஸில் அப்படியே திறக்கும். ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஓப்பன் ஆபிஸை நீக்கிவிடுங்கள்.