பீரங்கிப் படைக்குப் போகத் துடிக்கும் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம் படிக்கும் மகள், ராணுவத்தில் பீரங்கிப் படைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். குண்டு தூக்குகிற வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு, பேசாமல் பி.எட். முடிக்கட்டுமே என்பது உங்கள் எண்ணம். பெற்ற மனசு அப்படித்தான் நினைக்கும். ஆனால் அங்கே ஆபீசர் பார்க்கும் வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ராணுவத்தின் கே-9 வஜ்ராவை எடுத்துக்கொள்வோம். குஜராத்தில் ஹஜீராவில் எல் அண்ட் டி தயாரிக்கும் 155 மி.மீ. பீரங்கி. டேங்க் போலச் சங்கிலிச் சக்கரத்தில் தானே ஓடும். உள்ளே ஐந்து பேர். சுமார் 40 கி.மீ. வரை சுடும். அவ்வளவு தூரத்தில் இருக்கும் இலக்கு பீரங்கிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் மேட்டில் இருக்கும் ஆபீசர் இலக்கு எங்கே என்று ரேடியோவில் சொல்வார். பின்னால் இருப்பவர்கள் காற்றின் வேகம், வெப்பநிலை, குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துக் கோணத்தைக் கணக்கிடுவார்கள். இப்போது கணினி போட்டுத் தருகிறது, சரிதான். ஆனால் தப்பான எண் வந்தால் பார்த்தவுடன் நெருட வேண்டும். இல்லாவிட்டால் குண்டு நம் ஆட்கள் மேலேயே விழும்.

சுட்டுவிட்டு அங்கேயே நிற்கவும் முடியாது. பறக்கும் குண்டை எதிரியின் ராடார் பிடித்து, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடும். பதில் குண்டு வந்து விழுவதற்குள் இடம் மாறியாக வேண்டும். ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கில் தெளிவும் பதற்றமில்லாத மனசும் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படைப்பிரிவு குறைவு.

பெண்களை எடுப்பார்களா என்ற சந்தேகமே வேண்டாம். 2023 ஏப்ரலில் முதல்முறையாக ஐந்து பெண் ஆபீசர்கள் பீரங்கிப் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் பயிற்சி முடித்தது நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள ஆபீசர் பயிற்சி அகாடமியில்தான்.

பட்டதாரிகளுக்கு வழி, முப்படை ஆபீசர்களை எடுக்க யுபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ் தேர்வு. இந்த அகாடமிக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். கணிதத் தாள் கிடையாது. அப்புறம் எஸ்எஸ்பி என்கிற ஆபீசர் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணல். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். குழுவில் பேசுவது, பொறுப்பை எடுத்துச் செய்வது, சொல்லிலும் செயலிலும் ஒன்றாக இருப்பது, இவற்றைப் பார்ப்பார்கள். இதற்காகக் கடன் வாங்கிக் கோச்சிங்கில் பணம் கட்டாதீர்கள். தினமும் ஓட்டம், ஆங்கிலப் பேப்பர், நாலு பேர் முன்னால் பேசும் பழக்கம் போதும். மகளிடம் என்சிசி 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு.

பயிற்சி முடியும் வரை திருமணம் செய்யக் கூடாது. அதனால் வரன் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கண், காது, தட்டைப் பாதம் போன்றவற்றை இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பணி முதலில் 10 ஆண்டு. அதன்பின் நிரந்தரப் பணி கேட்கலாம், அல்லது 4 ஆண்டு நீட்டிப்பு. 10 அல்லது 14 ஆண்டில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முப்பதுகளில் இன்னொரு வேலை தேட வேண்டி வரலாம் என்பதால், எம்.எஸ்சி.க்கும் இந்த வருஷமே விண்ணப்பிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. எந்தப் பிரிவு என்பது பயிற்சியின் முடிவில், தரவரிசையும் காலியிடமும் பார்த்துத்தான் முடிவாகும். பீரங்கி கேட்டவருக்குத் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் கிடைக்கலாம், சப்ளை பிரிவும் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தாலும் சீருடை வேண்டுமா என்று மகளிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் அடுத்த சிடிஎஸ் அறிவிப்புக்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.