கிரெப்புக்கு விரிவாக்கம் தேடாதீங்க

கேள்வி: லினக்ஸ்ல ஃபைல்ல தேடுற வார்த்தை இருக்கிற வரிகளை மட்டும் எடுத்துக் காட்டுற கிரெப் (grep)னு ஒரு கமாண்ட் இருக்கே, அதோட விரிவாக்கம் என்ன?

நானும் ரொம்ப வருஷமா "குளோபல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பார்சர்"னு நம்பிட்டு இருந்தேன், ஒரு இன்டர்வியூல தெனாவட்டா அதையே சொல்லிட்டும் வந்திருக்கேன், எதிர்ல இருந்தவரும் தலையாட்டிட்டாரு! பார்சர்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. அது வேற ஒரு புரோகிராமுக்குள்ள டைப் பண்ணின கமாண்ட், அவ்வளவுதான்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸோட ஆரம்ப காலத்துல, அது பிறந்த பெல் லேப்ஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சிக் கூடத்துல, யூனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கென் தாம்ப்சன் எழுதின "எட்"னு ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் இருந்துச்சு. அப்போ பெரும்பாலும் ஸ்கிரீன் கிடையாது, டெலிடைப்தான், அதாவது நீங்க அடிக்கிறதும் மெஷின் பதில் சொல்றதும் எல்லாமே பேப்பர்ல டகடகன்னு அடிச்சு வரும், அதனால முழு ஃபைலையும் காட்டுன்னு சொன்னா விடிஞ்சிரும். தேவையான வரி மட்டும் வேணும்னா ஜி, ஒரு ஸ்லாஷ், தேடுற பேட்டர்ன், இன்னொரு ஸ்லாஷ், கடைசில பி. ஜின்னா ஃபைல் பூரா, பின்னா பிரின்ட், நிஜமாவே பேப்பர்ல பிரின்ட். நடுவுல வர்ற பேட்டர்னுக்குப் பேருதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதை ஆர்ஈ (re)ன்னு சுருக்கி ஸ்லாஷையெல்லாம் தூக்கிட்டுப் படிங்க. ஜி-ஆர்ஈ-பி, g-re-p!

சரி, தனி டூலா ஏன் ஆச்சு? லீ மக்மஹோன்னு அங்கேயே இருந்தவரு, அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரிச்சு புனைபெயர்ல வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-ல எதை யார் எழுதினதுன்னு ஆராய ஆசைப்பட்டாராம், ஆனா அவ்வளவு டெக்ஸ்டும் எட்ல அடங்கல. தாம்ப்சன் அந்த ஒரு கமாண்டை மட்டும் பிச்சு தனி புரோகிராமா ஒரே ராத்திரில எழுதிக் கொடுத்தாருன்னு அங்கே கூட வேலை பார்த்த பிரையன் கெர்னிஹான் சொல்லுவாரு. அங்கேயே இருந்த டக் மெக்இல்ராய் கேட்டுதான் வெளிய வந்துச்சு, அதுக்கு முன்னாடியே தாம்ப்சன் தனக்குன்னு எழுதி வெச்சிருந்தாருன்னு இன்னொரு கதையும் ஓடுது, எனக்கு இதுதான் நம்புற மாதிரி இருக்கு, ஒரே ராத்திரி சமாச்சாரம் எல்லாம் பாதி இப்படித்தான். எப்படியோ 1973-ல வந்த யூனிக்ஸ் நாலாவது எடிஷன்ல கிரெப் இருந்துச்சு. ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரியே 2003-ல இந்த வார்த்தையைச் சேர்த்துக்கிச்சு.

நம்பிக்கை வரலைன்னா விம் (Vim)ங்கிற எடிட்டர்ல ஒரு ஃபைலைத் திறந்து, கோலன் போட்டு, அதே ஜி ஸ்லாஷ் பேட்டர்ன் ஸ்லாஷ் பி அடிச்சுப் பாருங்க, எட் வழி வந்த எடிட்டர்ங்கிறதால இன்னைக்கும் வேலை செய்யுது.