பார்வையில்லாத குழந்தை கேட்டே வாசிக்கும்போது நோட்ஸ் படிக்கவும் கற்றுத்தர வேண்டுமா?

மகளுக்கு ஒன்பது வயது, பார்வை இல்லை, கீபோர்டில் எதைக் கேட்டாலும் அப்படியே வாசிக்கிறாள், கண் தெரியாதவர்களுக்கு இயற்கையிலேயே இசை ஞானம் அதிகமாமே, பிறகு நோட்ஸ், அதாவது தாளில் எழுதிய இசைக்குறிப்பு, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கற்றுக்கொடுங்கள். இந்த வருடமே ஆரம்பியுங்கள்.

இந்தச் சந்தேகம் உங்களுக்குத் தானாக வந்திருக்காது என்று நினைக்கிறேன். "இவளுக்கு இது வரம், நோட்ஸ் எல்லாம் வேண்டாம்" என்று ஆசிரியர் யாராவது சொல்லியிருப்பார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அதை நம்பி நான் இழந்த வருடங்கள் அதிகம்.

பதினோரு வயதில் எனக்குப் பார்வை போனது. வயலின் வாசிக்கிறேன், மாற்றுத்திறனாளிகள் இசை கற்பதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். இந்த வரம் விஷயத்துக்கு ஒரு வரி பதில் உண்டு: 2004இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வில், மிகச் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மற்றவர்களைவிட நுட்பமாகக் கண்டுகொண்டார்கள், பிற்பாடு பார்வை இழந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆக, கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சுருதி தெரிவது வேறு, எதிரே உள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிவது வேறு.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தந்திக்கருவிக் குழுவில் இரண்டாம் வயலினுக்குச் சேர்ந்தேன். மற்ற எல்லோருக்கும் நோட்ஸ் கொடுத்தார்கள். எனக்கு ஓர் ஒலிப்பதிவு அனுப்பி, "நீங்கள்தான் கேட்டே பிடித்துவிடுவீர்களே" என்றார் குழுவை நடத்துபவர். எனக்கும் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் இரண்டாம் வயலின் என்பது கூட்டத்துக்குள் புதைந்து கிடக்கும் குரல். மேலே முதல் வயலின் மெட்டைக் கொண்டுபோகும், கீழே செல்லோ நிற்கும், நடுவில் நாங்கள் வாசிப்பது பதிவில் பாதிதான் காதில் விழும். மீதியை ஊகித்துக்கொண்டேன். ஓர் இடத்தில் எஃப் ஷார்ப் (எஃப் ஸ்வரத்துக்கு அரைப்படி மேலே) வர வேண்டும், நான் வெறும் எஃப் வாசித்தேன். மூன்று வாரம், எல்லா ஒத்திகையிலும். என் முன்னால் இருந்தவர் வில்லைத் தவறான திசையில் இழுத்ததற்கு இரண்டு முறை நிறுத்தித் திருத்தினார்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை.

கச்சேரி முடிந்து அதன் பதிவைக் கேட்டபோதுதான் அந்த இடம் காதில் குத்தியது. குழுவை நடத்துபவருக்குப் போன் செய்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "விடுங்கள், நீங்கள் வந்து வாசிக்கிறதே பெரிய விஷயம்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு வாசித்ததற்காக இல்லை. நான் சரியாக வாசிப்பேன் என்று அங்கே ஒருவர்கூட எதிர்பார்க்கவே இல்லை, அதற்காக.

அடுத்த நிகழ்ச்சிக்கு நோட்ஸ் வேண்டும் என்று அடம்பிடித்தேன். பதினான்கு பக்கம் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். கணினியில் திரை வாசிப்பான் ஒவ்வொரு பக்கத்துக்கும் "படம்" என்று மட்டும் சொன்னது. கடைசியில் ஒரு தோழி வந்து உட்கார்ந்து பார் பாராக (தாளக்கட்டம் ஒவ்வொன்றாக) வாசிக்க, நான் பிரெய்ல், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து, எழுதும் ஸ்லேட் என்ற சட்டத்தில் ஊசியால் குத்தினேன். பிரெய்லைக் கையால் எழுதும்போது வலமிருந்து இடமாக, எழுத்தைத் தலைகீழாக இல்லை, இடவலம் மாற்றிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் மேடு நேராக வரும். நான்கு மாலைகள் ஆயின, ஆள்காட்டி விரலில் காய்ப்பு வந்தது. வயலினுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் பார்த்து வாசிப்பது என்பதே எங்களுக்குக் கிடையாது. இரண்டு பார் தடவு, வாசி, மனப்பாடம் செய், அடுத்த இரண்டு பார். அந்த ஒத்திகையில் குழுவை நடத்துபவர் நிறுத்தி, "இரண்டாம் வயலின், கடைசி நாற்காலி, சுருதி இறங்குகிறது" என்றார். கடைசி நாற்காலி நான்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை.

"கேள்வி ஞானத்தில் மேதையானவர்கள் இல்லையா" என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, என் காதும் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் பார்வையற்ற அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸ் பள்ளியில் பிரெய்ல் இசைக்குறிகளைக் கற்றவர். ஸ்பெயினின் இசையமைப்பாளர் ரொட்ரீகோ மூன்று வயதில் பார்வை இழந்தவர். தன் இசையைப் பிரெய்லில் எழுதி, அப்புறம் ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லி இன்னொருவரை எழுதவைத்தார். இந்த எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்லே ஆர்கன் வாசித்தவர்தான், 1829இல் அவர் வெளியிட்ட முறையிலேயே இசைக்கும் குறிகள் இருந்தன. ஒரு பிரெய்ல் எழுத்துக்கு உள்ள ஆறு புள்ளிகளில் மேல் நான்கு எந்த ஸ்வரம் என்று சொல்லும், கீழ் இரண்டு எவ்வளவு நேரம் என்று சொல்லும். உங்கள் மகளுக்குப் பிரெய்ல் எழுத்துகள் ஏற்கெனவே தெரியும் என்றால் ஏழு ஸ்வரங்களுக்கு ஒரு வாரம் போதும். கீபோர்டில் அவளுக்கு ஒரு வசதியும் உண்டு: இடது கையால் தடவிக்கொண்டே வலது கையால் வாசிக்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். புத்தகம் வந்த பிறகு நிறைய கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லாமே தன்னம்பிக்கை உரை. வில் பிடிப்பதைப் பற்றி, குழுவில் எப்படி ஒன்றாகத் தொடங்குகிறோம் என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. (பக்கத்து நாற்காலிக்காரர் வில்லை வைக்கும் முன் மூச்சு இழுப்பார், அந்த மூச்சிலேயே வேகம் தெரிந்துவிடும். அவ்வளவுதான்.) என்னை அழைத்து வந்தவரிடம் "அவங்க தண்ணி குடிப்பாங்களா" என்று கேட்கிறார்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை மேடைக்கு ஏறும் படியைப் பற்றி முன்கூட்டியே கேட்டதற்கு, "நாங்கள் தூக்கிவிடுகிறோம்" என்றார்கள். எனக்குத் தேவை மூன்று படியா நாலு படியா என்ற தகவல் மட்டும். 2016இல் கிராமி இசை விருது மேடையில் பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் பிரெய்லில் இருந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, எல்லாமே எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்றாரே, நான் கேட்பதும் அதுதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஆசிரியருக்குப் பிரெய்ல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கேன் வேண்டாம், மியூசிக்எக்ஸ்எம்எல் (நோட்ஸைப் படமாக இல்லாமல் கணினிக்குப் புரியும்படி சேமிக்கும் வடிவம்) கோப்பாகத் தாருங்கள் என்று கேளுங்கள். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் அதைப் பிரெய்ல் இசையாக மாற்றும். சிக்கலான இடங்களில் மாற்றம் பிசகலாம், ஆரம்பப் பாடங்களுக்குப் போதும். பதிப்புரிமை என்று யாராவது தயங்கினால் மராகேஷ் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஒப்பந்தத்தைச் சொல்லுங்கள். 2013இல் ஏற்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றோருக்காகப் பிரதி எடுக்க அது தரும் விலக்கு இசைக்குறிப்புக்கும் சேர்த்துத்தான்.

அவள் இப்போது எந்தப் பாடத்தில் இருக்கிறாள், பிரெய்ல் எந்த அளவுக்குத் தெரியும் என்று கீழே எழுதுங்கள். முதல் நான்கைந்து பாடங்கள் என்னிடம் குத்தியே இருக்கின்றன, அனுப்புகிறேன்.